நடந்து போன தேன் மெஷின்

போன வருடம் பங்குனி மாதம். மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தைச் சுற்றி வேப்பமரங்கள் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த சமயம். மொட்டை மாடியில் நான் வளர்க்கும் இரண்டு தேனீப் பெட்டிகளிலும் தேன் நிறைந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது சந்தோஷமான விஷயம். எனக்கு அன்று அது கவலை.

அதற்குக் காரணம் அதற்கு முந்தைய வருடம் நடந்தது. அப்போது என்னிடம் மெஷின் கிடையாது. அடையை அறுத்து, துணியில் போட்டு, மொட்டை மாடியிலேயே கையால் பிழிந்தேன். தரையெல்லாம் தேன் சொட்டியது. வாசனை பிடித்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ தேனீக்கள் வந்தன. வந்தவை மாடியோடு நிற்கவில்லை. எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் குடியிருக்கும் மாமி வீட்டில் அன்றைக்குப் பார்த்து அவர் மகளுக்கு வளைகாப்பு. தேனீக்கள் நேராகப் பாயசத்துக்குப் போய்விட்டன. மாமியின் சம்பந்தி அம்மாளுக்கு மேல் உதட்டில் கொட்டியது. உதடு வீங்கியபடியே அவர் எல்லாப் போட்டோவிலும் நின்றிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து மாமி என்னோடு பேசுவதில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். குடியிருப்போர் கூட்டத்தில் பெட்டிகளை எடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். என் மனைவிதான் எழுந்து, ஒரே ஒரு தடவை வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டாள். செயலாளர் யோசித்துவிட்டு, "அடுத்த தடவை தேன் எடுக்கும்போது யார் வீட்டுக்குள்ளயாவது ஒரு தேனீ போச்சுன்னாலும் மறுநாள் பெட்டி இங்க இருக்கக்கூடாது" என்று முடித்துவிட்டார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. கடையின் முன்பக்கம் நிற்க மாட்டேன். ஆட்களோடு பேச எனக்கு வராது. பின்பக்க குடோனில் பார்சல் கட்டுவதும் சரக்கைச் சரிபார்ப்பதும்தான் என் வேலை. வீட்டிலும் எனக்காக நான் எதையும் கேட்டதில்லை. "இவரு வாயத் தொறந்து வேணும்னு கேட்ட ஒரே சாமான் அந்தப் பொட்டிதான்" என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். உண்மைதான். ஒரு நாள் பயிற்சி ஒன்றில் தேனீப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். அன்றே மனசு அதில் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து வந்து பெட்டி அருகில் உட்கார்ந்தால் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த அரை மணி நேரம் எனக்கு அவ்வளவு முக்கியம். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அதனால் தேனை வீட்டுக்குள், கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு மெஷின் வேண்டும். பெரிய எவர்சில்வர் டிரம் போல இருக்கும். உள்ளே கம்பிக் கூடை. மரச்சட்டத்தில் கட்டிய அடையை அப்படியே கூடையில் நிறுத்தி, மேலே உள்ள கைப்பிடியைச் சுற்றினால், சுற்றும் வேகத்தில் தேன் வெளியே தெறித்து டிரம்மின் சுவரில் வழிந்து இறங்கும். அடை உடையாது. அதைத் திரும்பவும் பெட்டியில் வைத்துவிட்டால் தேனீக்கள் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.

ராயப்பேட்டையில் விதை, உரம், மருந்து அடிக்கும் கருவிகள் விற்கும் ஒரு கடையில் இந்த மெஷின் கிடைக்கும் என்று சொன்னார்கள். பெட்டியிலிருந்து ஒரு காலிச் சட்டத்தை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மெஷினுக்குள் வைத்துப் பார்த்து வாங்கலாம் என்று திட்டம்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பேச்சில் மன்னன். நான் ரெண்டு பெட்டி என்றதுமே சிரித்தார்.

"இன்னா சார், ரெண்டு பொட்டிதானேன்னு சின்னதா கேக்குறியா? இன்னிக்கு ரெண்டு, நாளைக்கு இருவது. அப்பால மறுபடியும் என்னாண்டதான் வந்து நிப்ப. பெருசாவே எட்துக்கினு போ. நாலு சட்டம் ஒரே சுத்துல முடிஞ்சிரும். பளபளன்னு கீது பாரு!"

பளபளவென்றுதான் இருந்தது. அப்போது கடையில் இன்னும் இரண்டு பேர் நின்று தோட்டம், உரம் என்று விவரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பைக்குள் இருந்த என் சட்டமோ மெழுகும் பிசினும் ஒட்டி அழுக்காக இருந்தது. அவர்கள் முன்னால் அதை வெளியே எடுத்து, இது பொருந்துமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. எடுக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பெரிய மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டத்தை உள்ளே வைத்தேன். கூடையில் நிற்காமல் அப்படியே சரிந்து அடியில் போய் விழுந்தது. அது பெரிய இத்தாலியத் தேனீக்களின் சட்டத்துக்குச் செய்த மெஷின். நான் வளர்ப்பது நம் ஊர்த் தேனீ. அதன் சட்டம் சின்னது. அப்பாவின் சட்டையைக் கைக்குழந்தைக்கு மாட்டியதுபோல இருந்தது.

"கடையில வச்சுப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"சட்டத்தையாவது எடுத்துக் காட்டினீங்களா?"

"பையிலயே இருந்துச்சு."

அவள் முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கயிறு போட்டுக் கட்டிச் சுற்றிப் பார்த்தேன். மூன்றாவது சுற்றிலேயே சட்டம் பிய்த்துக்கொண்டு போய் டிரம்மில் மோதி ஒரு பக்கக் கட்டை உடைந்தது. காலிச் சட்டத்துக்கே இந்தக் கதி என்றால், தேன் நிறைந்த அடை கூழாகிவிடும். திரும்பவும் கையால் பிழிய வேண்டியதுதான். அப்படியானால் பெட்டிகளை மறந்துவிட வேண்டியதுதான்.

"நாளைக்கு லீவு போடுங்க. மெஷினை எடுத்துட்டுப் போய் மாத்திட்டு வாங்க" என்றாள் மனைவி. "நானும் வரேன்" என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

மறுநாள் மெஷினோடும் இன்னொரு நல்ல சட்டத்தோடும் கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"வித்த சாமான வாபஸ் எட்துக்கற பழக்கமே கெடயாது சார். போர்டே போட்டுக்கீது பாரு" என்றார். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "சரி, ஓரமா நில்லு. வந்தவங்கள அனுப்பிட்டு வரேன்" என்றார்.

வாசல் ஓரமாக மெஷினை வைத்து, கையில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வரவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கீரை விதை வாங்க வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "இன்னாது அது, சாமி படத்துக்கு ஃபிரேமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. தேனீ அடை கட்டுற சட்டம். இந்த மெஷின்ல நிக்கல."

"மெஷினு எங்க வாங்குன?"

"இங்கதான்."

அந்த அம்மா திரும்பிக் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அடுத்து ஸ்கூட்டரில் வந்தவரும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். அவரும் அதே பார்வை பார்த்தார். எனக்குக் கூடுதலாக ஒரு வார்த்தையும் சொல்லத் தெரியவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். எங்கள் பாத்திரக் கடையில் யாராவது விசில் வராத குக்கரோடு வாசலில் நின்றால் முதலாளி என்ன பாடு படுவார் என்பது அதன் பிறகுதான் என் நினைவுக்கு வந்தது. அது நினைவுக்கு வந்ததும், என்ன ஆனாலும் இந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். வெயில் காலில் ஏறியது. நகரவில்லை.

மருந்து அடிக்கும் கருவி கேட்டு வந்த ஒருவர், "அப்ப நான் எதுக்கும் வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று திரும்பிப் போனார். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"யோவ்! ஒரு வார்த்த பேசாத மனுசன்னு பாத்தா, வாசல்ல நின்னுகினே என் கடைய காலி பண்ணிடுவ போலக்கீதே! உள்ள வாய்யா மொதல்ல!"

உள்ளே போனேன். பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார். இந்தத் தடவை கூச்சப்படவில்லை என்று சொன்னால் பொய். காது இரண்டும் சூடாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு மெஷினிலும் சட்டத்தை வைத்து, கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

முதல் மெஷினில் சட்டம் நின்றது. ஆனால் அது தகரம். உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைத்த இடங்கள் விரலில் தட்டுப்பட்டன. தேன் புளிப்புத்தன்மை உள்ள பொருள். அந்த இடத்தில் பட்டு நின்றால் சாப்பிடுகிறவர்களுக்கு நல்லதில்லை. வேண்டாம் என்றேன். அடுத்தது நல்ல எவர்சில்வர். ஆனால் பல்சக்கரம் பிளாஸ்டிக். காலியாகச் சுற்றும்போதே கடகடவென்று வழுக்கியது. தேன் கனத்தோடு சுற்றினால் பாதியில் பல் உடையும். பாதியில் நின்றால் மெழுகு மூடி சீவிய அடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதையும் வேண்டாம் என்றேன்.

"இன்னா சார், பொண்ணு பாக்கற மாதிரி பாக்குற?" என்றார் கடைக்காரர்.

கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் தூசி படிந்து ஒரு சின்ன எவர்சில்வர் மெஷின் இருந்தது. வயிற்றில் ஒரு நசுக்கல் வேறு. இரண்டு சட்டம் மட்டும் வைக்கலாம். நானே போய்ச் சட்டத்தை இறக்கினேன். டக்கென்று உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. பல்சக்கரம் இரும்பு. உள்ளே பற்றவைத்த தடமே இல்லாமல் வழவழப்பாக இருந்தது. இறுக்கமான மூடியும் குழாயும் இருந்தன.

"அது ஷோவுக்கு வச்சது சார். கால் கூடக் கெடயாது. எவனும் கேக்க மாட்டான்."

"நான் கேக்கறேன்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அதைத் துடைத்துக் கொடுத்தார். பெரிய மெஷினுக்கும் சின்னதுக்கும் உள்ள விலை வித்தியாசத்துக்கு அடையின் மெழுகு மூடியைச் சீவும் கத்தியும், நல்ல கம்பி வடிகட்டியும் சேர்த்துக் கொடுத்தார். "பெரிய மெஷினு வேணும்னு எப்பவாச்சும் தோணுச்சுன்னா, அந்தச் சட்டத்த எட்துகினு வா. ஆனா வாசல்ல மட்டும் நிக்காத" என்றார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஒன்று தோன்றியது. கதவைச் சாத்திக்கொண்டு நான் எவ்வளவு ஒழுங்காகத் தேன் எடுத்தாலும் மாமிக்கு அது தெரியப்போவதில்லை. வெளியிலிருந்து வரும் எந்தத் தேனீயைப் பார்த்தாலும் என் பெட்டித் தேனீ என்றுதான் நினைப்பார். மெஷினை வீட்டில் வைத்த கையோடு ஒரு மாடி இறங்கி இரண்டாம் மாடி அழைப்பு மணியை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் என்ன பேசுவது என்று யோசித்தேன்.

கதவைத் திறந்த மாமியின் முகம் இறுகியது.

"மாமி, நாளைக்குச் சாயங்காலம் தேன் எடுக்கறோம். நீங்க வந்து பாக்கணும்."

"எதுக்கு? என் உதட்டுலயும் கொட்டறதுக்கா?"

"கொட்டாம எடுக்கறமான்னு பாக்கறதுக்கு."

அவர் கதவைச் சாத்திவிட்டார். வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம், தேனீக்கள் அடங்கும் நேரத்தில் மாடிக்குப் போனேன். லேசாகப் புகை காட்டி, ஒவ்வொரு சட்டத்திலும் இருந்த தேனீக்களைப் பிரஷ்ஷால் தள்ளி, மூடி போட்ட அண்டாவில் வைத்துக் கீழே கொண்டு வந்தேன். சமையலறை ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத் துணி வைத்திருந்தோம். அப்போது மாமி வந்தார். புடவைக்கு மேல் மாப்பிள்ளையின் முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. காலில் சாக்ஸ். என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். மாமி மூலையில் உட்கார்ந்து, போலீஸ்காரர் மாதிரி எங்களைப் பார்த்தார்.

மனைவி சூடான கத்தியால் அடையின் மெழுகு மூடியைச் சீவிக் கொடுத்தாள். இரண்டு சட்டங்களை மெஷினில் வைத்து மூடிச் சுற்றினேன். உள்ளே சடசடவென்று தேன் தெறிக்கும் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் கொஞ்சம் வேகம் கூட்டினேன். அவ்வளவுதான். கால் இல்லாத மெஷின் ஒரு பக்கமாக எகிறி, டைல்ஸ் தரையில் தங்குதங்கென்று நடக்க ஆரம்பித்தது. நான் கைப்பிடியை விட்டுவிட்டேன். என் மனைவியின் கையில் கத்தி. மெஷின் நேராக மாமியை நோக்கிப் போனது. குழாய்ப் பக்கம் சாய்ந்தால் தேன் முழுவதும் தரையில்தான்.

மாமி ஸ்டூலை விட்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அது நின்றது. மாமிதான் முதலில் பேசினார்.

"ரெண்டு சட்டமும் ஒரே கனமா வெச்சேளா?"

"கைக்கு வந்ததை வச்சேன் மாமி."

"எங்காத்து வாஷிங் மிஷின்ல பெட்ஷீட் எல்லாம் ஒரு பக்கமா சேந்துண்டா இப்படித்தான் குதிக்கும். கனம் பாத்து ஜோடியா வையுங்கோ. அதுவரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்."

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு சட்டத்தையும் கையில் தூக்கிப் பார்த்து, "இதுக்கு இது ஜோடி" என்று எடுத்துக் கொடுத்தது அவர்தான். நான் சுற்றினேன். "பிடிச்சுண்டுதான் இருக்கேன், மெதுவா சுத்துங்கோ. மாவாட்டறதா நெனச்சேளா!" என்று நடுநடுவே அதட்டல் வேறு. அடை ஒன்றுகூட உடையவில்லை. குழாயைத் திறந்ததும் தேன் வடிகட்டியில் கயிறு போல இறங்கியது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

கடைசி ஜோடியை எடுத்தபோதுதான் அது நடந்தது. சட்டத்தின் இடுக்கில் ஒளிந்திருந்த ஒரு தேனீ பறந்து வெளியே வந்து டியூப் லைட்டைச் சுற்றியது. என் மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "ஒரு தேனீ போச்சுன்னாலும்" என்று செயலாளர் சொன்னது என் காதில் கேட்டது.

மாமி எழுந்தார். விளக்கை அணைக்கச் சொன்னார். ஜன்னல் கண்ணாடியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. தேனீ அங்கே போய் உட்கார்ந்தது. மாமி ஒரு டம்ளரை எடுத்து அதன் மேல் கவிழ்த்தார். காலண்டர் தாளை அடியில் நுழைத்தார். சாக்ஸ் போட்ட காலோடு படி ஏறி மொட்டை மாடிக்குப் போய், பெட்டி வாசலில் விட்டுவிட்டு வந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

திரும்பி இறங்கும்போது படிக்கட்டில் நின்று சொன்னார். "அது உங்காத்துப் பூச்சி. உங்காத்துலதான் இருந்தது. எங்காத்துக்கு வரலை. கேட்டா நான் சொல்லிக்கறேன்."

அடுத்த கூட்டத்தில் அதையேதான் சொன்னார். பெட்டிகள் இன்னும் மாடியில்தான் இருக்கின்றன. உடையாத அடைகளைத் திரும்ப வைத்ததால் தேனீக்கள் அந்த வருடமே இன்னொரு முறை தேன் கொடுத்தன. அதற்கும் மாமிதான் மெஷினைப் பிடித்தார். சம்பந்தி வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார். "எங்கேர்ந்து வந்ததுன்னு மட்டும் நான் சொல்லமாட்டேன்" என்று சிரித்தார்.

மெஷினுக்குக் கால் வைத்துத் தருகிறேன் என்று எங்கள் கடைக்குச் சரக்குப் போடும் பட்டறைக்காரர் சொன்னார். பிடித்துக்கொள்ள மாமி இருக்கிறார், வேண்டாம் என்றுவிட்டேன். என் கூச்சம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இன்றும் நான் குடோனில்தான் இருக்கிறேன். ஆனால் முன்பெல்லாம் யாருக்காவது என்மேல் கோபம் என்று தெரிந்தால், அவர்கள் படியிறங்கிப் போகும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருப்பேன். இப்போது நானே போய் மணியை அழுத்தி, வந்து பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்று கூப்பிடுகிறேன்.